எல்லாப் படிக்கும் ஆள் கேட்ட பாக்கியம் அக்கா

பாக்கியம் அக்கா காலமான செய்தி வந்தபோது நான் பதுளையில் பல் வைத்தியரிடம் என் முறைக்காகக் காத்திருந்தேன். காலை பத்தரை மணி இருக்கும். அழைத்தவர் அவருடைய மகள் சுகந்தி.

"சேர், அம்மா போய்ட்டாங்க" என்றார். பிறகு நான் கேட்காமலேயே தொடர்ந்தார். "காலையில ரொட்டி முழுசாச் சாப்பிட்டாங்க சேர். எப்பவும் பாதி போதும்பாங்க. வாசல்ல வெயில்ல உக்கார வைன்னாங்க. நான் டீ ஊத்திக்கிட்டு வர்றதுக்குள்ள முடிஞ்சுபோச்சு. வலி ஒண்ணும் இல்ல. மொகத்தப் பாத்தா தூங்குற மாதிரிதான் இருக்காங்க."

எனக்கு முதலில் அழுகை வரவில்லை. நிம்மதிதான் வந்தது. எழுதக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. ஆனால் அவரைப் பற்றி எழுதும் இடத்தில் பொய் எழுத மனம் வரவில்லை. கடைசி நான்கு மாதங்கள் அவர் பட்ட வேதனையைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். தான் கட்டிய வீட்டு வாசலில், வெயிலில், பசியாறிய பிறகு அவர் போயிருக்கிறார்.

அவரைத் தெரியாதவர்களுக்காகச் சில வார்த்தைகள். திருமதி பாக்கியலட்சுமி தெமோதரைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். பதினெட்டு வயதில் கொழுந்து பறிக்கப் பெயர் பதிந்தார். முதுகு வலியால் மலையேற முடியாமல் போனபோது, தாய்மார் வேலைக்குப் போகும் நேரத்தில் கைக்குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக் காம்பராவுக்கு மாற்றினார்கள். இருபது வருடத்துக்கு மேல் அங்கே தொட்டில் ஆட்டினார். எந்தக் குழந்தைக்கு இரவில் இருமல், எந்த வீட்டில் தாய் பட்டினி கிடந்து பிள்ளைக்குப் பால் கொடுக்கிறாள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அவர் அரசியலுக்கு வந்தது அந்தக் காம்பராவின் வாசல் வழியாகத்தான்.

நான் ஓய்வுபெற்ற ஆசிரியர். எங்கள் கட்சியின் மாவட்டச் செயலாளராகப் பல வருடங்கள் இருந்தேன். சிறிய கட்சி. பாராளுமன்றத்தில் எங்களுக்கு ஒரே ஓர் உறுப்பினர், அவரும் பெரிய கட்சி ஒன்றின் பட்டியலில் இடம் வாங்கி வென்றவர்.

அக்காவை நான் முதன்முதல் பார்த்தது பதுளையில், ஒரு புடவைக் கடையின் மேல்மாடியில் நடந்த கட்சிக் கூட்டத்தில். உள்ளூராட்சித் தேர்தல் வரவிருந்த நேரம் அது. பிரதேச சபைகளை இம்முறை பெரிய கட்சிக்கு விட்டுக்கொடுத்துவிடுவது, அதற்குப் பதிலாக அடுத்த பொதுத் தேர்தலில் நல்ல இடம் கேட்பது என்ற தீர்மானத்தை நான்தான் வாசித்தேன். மிகவும் கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு என்று எண்ணியிருந்தேன்.

பின்வரிசையில் ஒரு பெண் எழுந்தார். வேலைக்கு நடுவில் ஓடிவந்தவரைப் போலச் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகியிருந்தார்.

"சேர், எங்க லயத்து வீடுங்களுக்குப் பின்னால கான் அடைச்சி, அழுக்குத் தண்ணி நிக்குது. அதை யாருகிட்டச் சொல்றது?"

"நம்ம எம்.பி.கிட்டச் சொல்லலாம்" என்றேன்.

"கான் வெட்டுறதுக்குப் பாராளுமன்றத்துல பேசணுமா சேர்?"

மண்டபம் சிரித்தது. நானும் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"சிரிக்காதீங்க. கான், ரோட்டு, சுடுகாட்டுக்குப் பிரதேச சபை. பள்ளிக்கூடத்துக்கு மாகாண சபை. சட்டத்துக்குப் பாராளுமன்றம். மூணுலயும் எங்களுக்கு வேலை இருக்கு. நீங்க ஒண்ணுல மட்டும் ஆள வச்சிக்கிட்டு மத்ததை அடுத்தவங்களுக்குக் குடுத்தா, நாங்க யாரு வாசல்ல போய் நிக்கிறது?"

எனக்குச் சுருக்கென்றது. "ஒங்களுக்கு நிக்க ஆசையா அக்கா? அப்ப அதை நேரா சொல்லுங்க" என்றேன்.

"நா நிக்கணும்னு கேக்கல சேர். யாராச்சும் நிக்கணும்னு கேக்குறேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

தீர்மானம் நிறைவேறியது. எதிராக உயர்ந்தது அவருடைய கை ஒன்றுதான். கூட்டம் முடிந்து படியிறங்கும்போது அவரே என்னிடம் வந்தார். "கோவமெல்லாம் இல்ல சேர். ஒருநாள் எங்கூட வாங்க. பேசாம வந்து பாருங்க, போதும்."

தேர்தல் முடிந்து புதிய சபை அமைந்த பிறகு ஒருநாள் போனேன். அந்தத் தோட்டத்தின் மேற்பிரிவிலிருந்து பள்ளிக்கூடத்துக்குப் போகும் பிள்ளைகள் ஓர் ஓடையைக் கடக்க வேண்டும். இரண்டு மரக்கட்டைகளைப் போட்டிருந்தார்கள், அவ்வளவுதான் பாலம். அதைப் பற்றிப் பேச நாங்கள் முதலில் தோட்டத்துரையிடம் போனோம். மரியாதையாகத்தான் பேசினார். ஓடை தோட்டத்து எல்லைக்கு வெளியே என்று வரைபடத்தை விரித்துக் காட்டினார். அங்கிருந்து மாகாணக் கல்வி அலுவலகம். பள்ளிக்கூட வேலிக்கு வெளியே இருப்பது தங்கள் பொறுப்பல்ல என்றார்கள். அதுவும் நியாயம்தான். பிறகு பஸ் ஏறிப் பிரதேச சபைக்குப் போனோம்.

அங்கே கடிதங்களுக்குப் பொறுப்பாக இருந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு எங்களை உட்காரச் சொன்னார்.

"உங்கட எம்.பி.யின்ர கடிதம் வந்ததுதான் மாஸ்டர், கோப்பில கிடக்கு. ஆனா சபைக் கூட்டத்தில ஓராள் எழும்பி நிண்டு இதைக் கதைச்சாத்தான் வேலை நகரும். உங்கட பக்கத்தில இருந்து கதைக்க ஆர் இருக்கினம்? ஒருத்தரும் இல்லையே."

அந்த மனிதர் எங்களுக்கு உதவத்தான் பார்த்தார். அதனால்தான் அவர் சொன்னது இன்னும் உறைத்தது. அந்த இடத்தை வெறுமையாக்கியவன் நான். வாசித்துக் கைதட்டு வாங்கிய தீர்மானம் என் சட்டைப் பையிலேயே இருந்ததைப் போலக் கனத்தது.

திரும்பும் பஸ்ஸில் அக்கா ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. பண்டாரவளைப் பக்கம் எங்கோ வாங்கிய அவித்த கடலையை என் கையில் கொட்டி, "பசிச்சிருக்கும், சாப்பிடுங்க சேர்" என்றார். அந்த மழைக்காலத்திலேயே கட்டை உருண்டு ஒரு சிறுமிக்குக் கால் முறிந்தது. பிள்ளைக் காம்பராவில் அக்கா வளர்த்த பிள்ளை. கால் நேராகிவிட்டது, இன்று அவர் நன்றாக நடக்கிறார். ஆனாலும் அந்தச் செய்தியை அக்கா தொலைபேசியில் சொன்ன நாள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

அடுத்த உள்ளூராட்சித் தேர்தல் அறிவிக்கப்பட்டபோது, எல்லா வட்டாரங்களிலும் நாம் நிற்க வேண்டும் என்ற தீர்மானத்தை நானே கொண்டுவந்தேன். கட்சிக்குள் பலருக்குப் பிடிக்கவில்லை. தோற்றால் மானம் போகும் என்றார்கள்.

"தோத்தா தோத்துட்டுப் போவோம்" என்றார் அக்கா. "எந்த லயத்துல எத்தனை பேரு நம்ம பக்கம்னாவது தெரியும்ல? இப்ப அதுகூடத் தெரியாமத்தானே பொதுத் தேர்தலுக்குப் போய்க் கெஞ்சுறோம்?"



ஆட்களைத் தேடுவதுதான் பெரும்பாடாக இருந்தது. ஒவ்வொரு தோட்டமாக அக்கா நடந்தார். ஆண்கள், "எனக்கெதுக்கு வம்பு" என்றார்கள். பெண்கள் சரி என்றால் புருஷன்மார் மறுத்தார்கள். பட்டியலில் குறிப்பிட்ட பங்கு பெண்கள் இருந்தாக வேண்டும், ஒருவர் குறைந்தாலும் முழுப் பட்டியலையும் நிராகரித்துவிடுவார்கள். கடைசியில் எப்படியோ எண்ணிக்கை நிரம்பியது. தன் பெயரை மட்டும் அவர் தரவே இல்லை. "பேச்சுக்கு எறங்கினவ பதவிக்குத்தான் பேசுனான்னு சொல்லுவாங்க சேர். வேணாம்" என்றார்.

வேட்புமனு கொடுக்கும் கடைசி நாள். பகல் பன்னிரண்டு மணிக்குக் கதவை மூடிவிடுவார்கள். பதுளைக் கச்சேரி, அதாவது மாவட்டச் செயலக வாசலில் பதினொரு மணிக்கு எங்களுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு. எங்கள் பெண் வேட்பாளர்களில் ஒருவர் அழுதுகொண்டே பேசினார். வீட்டில் பெரிய சண்டை, வர முடியாது, மன்னித்துவிடுங்கள் என்றார். நான் அப்படியே மதிலோரம் உட்கார்ந்துவிட்டேன். ஒரு பெயர் குறைந்தது. அத்தனை பேருடைய மாதக்கணக்கான நடையும் அந்த ஒரு பெயரோடு போகப்போகிறது.

அக்கா அன்று மற்றப் பெண்களுக்குத் துணையாக, எல்லாருக்கும் சோற்றுப் பார்சல் கட்டிக்கொண்டு வந்திருந்தார். கையிலிருந்த பையை என் மடியில் வைத்தார்.

"என் பேரப் போட்டா ஆகுமா சேர்?"

"அடையாள அட்டை இருக்கா?"

"அது இல்லாம எப்படி டவுனுக்கு வருவேன்?"

சத்தியக் கடதாசியில் சமாதான நீதவான் ஒருவர் கையெழுத்து வைக்க வேண்டும். எதிரே தேநீர்க் கடையில் ஓய்வுபெற்ற தபால் அதிபர் ஒருவர் இருந்தார், அவருக்கு அந்த அதிகாரம் உண்டு. பாதி வடையை வைத்துவிட்டுக் கை துடைத்துக்கொண்டு வந்தார். அக்கா தன் பெயரை முழுசாக எழுதத் தொடங்கினார். பாக்கியலட்சுமி என்பது எவ்வளவு நீளமான பெயர் என்று அன்றுதான் உணர்ந்தேன்.

"சேர், மணியப் பாக்காதீங்க. நீங்க பாக்கப் பாக்க எனக்கு எழுத்து கோணுது."

நான் திரும்பிக்கொண்டேன். மூடுவதற்குப் பத்து நிமிடம் இருக்கையில் மனுவை உள்ளே கொடுத்தோம். பிறகு ஆட்சேபணைக்கான நேரம், அதன் பிறகு பரிசீலனை. எங்கள் கட்சியின் பெயரை வாசித்து "ஏற்றுக்கொள்ளப்பட்டது" என்று அலுவலர் சொன்ன கணம், எங்களில் யாருக்கும் கத்தக்கூடத் தெம்பு இல்லை. அக்கா படிக்கட்டில் கால் நீட்டி உட்கார்ந்தார்.

"அப்பாடா! இப்ப சோத்தப் பிரிங்க."

அந்த வாழைக்காய்க் கறியின் ருசி எனக்கு மறக்கவில்லை.

பட்டியலில் பெயர் போட்டதோடு கட்சியின் கடமை முடிந்தது என்று அவர் எங்களை விடவில்லை. எங்கள் எம்.பி.யை நேரில் பார்த்துச் சொன்னார். "நோட்டீசுல எங்க படத்தப் போட்டுட்டுக் கொழும்புக்குப் போயிடாதீங்க ஐயா. எங்கூட லயம் லயமா நடங்க. இவங்க நம்ம ஆளுன்னு ஒங்க வாயால சொல்லுங்க." அவர் வந்தார். இரண்டு நாள் மழைச் சேற்றில் நடந்து சப்பாத்து பிய்ந்து, கடைசியில் அக்காவின் மருமகனுடைய ரப்பர் செருப்போடு ஓட்டுக் கேட்டார். அக்கா மிகக் குறைந்த வாக்கு வித்தியாசத்தில் வென்றார். வேறு வட்டாரங்களில் பெரும்பாலும் தோற்றோம். ஆனால் அவர் சொன்னபடி, யார் எங்கே எங்கள் பக்கம் என்று அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது.

சபையில் அவர் பேசிய முதல் பேச்சு ஒரு நிமிடம்கூட இல்லை. "ரெண்டு கட்ட மேல புள்ளைங்க போகுது. வந்து பாருங்க. பாத்துட்டு வேணாம்னு தோணுனா என் மூஞ்சிக்கு நேரா சொல்லுங்க." உறுப்பினர்கள் போய்ப் பார்த்தார்கள். ஓடைக்குச் சீமெந்துப் பாலம் வந்தது. தோட்டங்களுக்குள் பிரதேச சபை வேலை செய்ய முடியாது என்றிருந்த சட்டத்தைப் பாராளுமன்றம் திருத்தியதும் அவருடைய காலத்தில்தான். மேலே எங்கள் எம்.பி. கை உயர்த்தினார், கீழே அக்கா அதே மாதம் கான் வெட்டும் பிரேரணையைக் கொண்டுபோனார். இரண்டு இடத்திலும் ஆள் இருந்தால் வேலை எவ்வளவு சுலபமாக நடக்கிறது என்று நான் வாயைப் பிளந்து பார்த்தேன்.

பிறகு அந்த மழை. ஐந்து நாள் விடாமல் பெய்தது. ஒரு பகல் வேளையில், மேல் லயத்துக்குப் பின்னாலிருந்த மரக்கறித் தோட்டத்தில் நிலம் வெடித்திருப்பதாக அக்காவுக்குச் சொன்னார்கள். போய்ப் பார்த்தார். காலையில் விரல் நுழைந்ததாகச் சொன்ன வெடிப்பில் நண்பகலில் கை நுழைந்தது. மீரியபெத்தையில் லயங்களோடு மண்ணுக்குள் போனவர்களை எங்கள் பக்கத்தில் யார் மறப்பார்? அக்கா உடனே கிராம சேவகரை அழைத்தார். மண்சரிவு பார்க்கும் அதிகாரியையும் அழைத்தார். சபை உறுப்பினர் அழைத்ததால் ஒரு மணி நேரத்தில் ஆள் வந்தது. இன்றே வீடுகளை விட்டு எழும்பிவிடுங்கள் என்றார்கள்.

பதினொரு குடும்பங்கள். தங்குவதற்கு இருந்தது கீழே உள்ள பள்ளிக்கூடம் ஒன்றுதான். விடுமுறைக் காலம். மேலிடத்து அனுமதி இல்லாமல் திறக்க அதிபர் தயங்கினார். பள்ளிக்கூடம் மாகாண சபையின் கீழ் வருகிறது. மாகாண சபைக்கோ தேர்தல் நடக்காமல் நாற்காலிகள் வெறுமையாகக் கிடந்தன. அந்த நடுப் படியில் அழைத்துப் பேச எங்களுக்கு மட்டுமல்ல, எவருக்குமே ஆள் இல்லை. நான் பதுளையிலிருந்து எம்.பி.யை அழைத்தேன். அவர் கொழும்பிலிருந்து அலுவலகம் அலுவலகமாக அழைத்துக்கொண்டிருந்தார். மழை நிற்கவில்லை.

அக்கா அதிபரின் வீட்டு வாசலில் குடையில்லாமல் நின்றார்.

"அதிபர் ஐயா, ஒங்க வேலைக்கு ஆபத்து வந்தா நா வந்து நிக்கிறேன். சபை மெம்பர் கேட்டுத் தொறந்தேன்னு எழுதுங்க. கையெழுத்து வைக்கிறேன்."

அதிபர் ஒரு கடதாசி எடுத்தார். இரண்டு வரி எழுதினார். பிறகு அதை அவரிடம் நீட்டாமலே மடித்துப் பையில் வைத்துக்கொண்டு சாவியை எடுத்தார். "வாங்கம்மா, மொதல்ல புள்ளைங்களக் கொண்டாங்க" என்றார். அனுமதி வந்து சேர்ந்தபோது பதினொரு குடும்பமும் வகுப்பறைகளில் பாய் விரித்துவிட்டிருந்தார்கள்.

மறுநாள் விடிந்து, எல்லாரும் பாலில்லாத சாயத் தண்ணி குடித்துக்கொண்டிருந்த நேரத்தில் மலை இறங்கியது. மேல் லயத்தின் ஆறு வீட்டுக் காம்பராக்கள் இருந்த இடம் தெரியாமல் போயின. அழுகைக்கு நடுவே அக்கா எல்லாரையும் முற்றத்தில் வேலைக்குப் பெரட்டு நிற்பதைப் போல வரிசையாக நிற்க வைத்துக் குடும்பம் குடும்பமாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். முத்தையா தாத்தாவை மட்டும் காணவில்லை. கட்டிவைத்த ஆட்டைப் பார்க்க விடியற்காலையிலேயே அவர் மேலே போனதாக யாரோ சொன்னார்கள். இருபது நிமிடம் அக்கா மேலே போகும் பாதையையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் அதற்குள் அங்கே வந்துவிட்டிருந்தேன். அவருடைய உதடுகள் வெளுத்திருந்தன.

அப்போது வளைவில் முத்தையா தாத்தா வந்தார். ஒரு கையில் ஆட்டுக் கயிறு, மறு கையில் சுருட்டு. கூட்டிவரும்போது பயந்த ஆடு பாதி வழியில் கயிற்றை உருவிக்கொண்டு கீழ்ப்பக்கம் ஓடியதாம், அதன் பின்னாலேயே ஓடியிருக்கிறார்.

"மனுசனத் தேடி உசுரு போகுது, நீரு ஆட்டோட ஊர்வலம் வர்றீரா!" என்று அக்கா துவாயால் அவரை இரண்டு அடி அடித்தார். பிறகு அதே துவாயில் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். சுற்றி நின்றவர்கள் அழுதுகொண்டே சிரித்தார்கள். ஓர் உயிர்கூடப் போகவில்லை. என் வாழ்க்கையில் நான் பார்த்த மிகச் சிறந்த காலை அதுதான்.

அடுத்த தேர்தலில் அக்கா நிற்கவில்லை. முழங்கால் வலி என்றார். அவருடைய வட்டாரத்தில் முன்பள்ளி ஆசிரியை லோகேஸ்வரி நின்று வென்றார். அப்போதே அக்காவின் வயிற்றில் நோய் தொடங்கியிருந்தது, எங்களுக்குத் தெரியாது.

பதுளை ஆஸ்பத்திரியில் கடைசியாக அவரோடு நீண்ட நேரம் பேசினேன். மாகாண சபைத் தேர்தல் வந்தால் யாரை நிறுத்தப்போகிறோம் என்று கேட்டார். தேர்தலே அறிவிக்கவில்லையே என்றேன்.

"அறிவிச்ச பெறகு தேடுனா அன்னிக்கு மாதிரி கச்சேரி வாசல்லதான் உக்காந்திருப்பீங்க."

எனக்கு அப்போது சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. "அக்கா, அந்த மேல்மாடிக் கூட்டத்துல நான் வாசிச்சது தப்பு. ஒங்கள ஆசை புடிச்சவங்கன்னு நெனச்சதும் தப்பு."

"தெரியும் சேர்" என்றார், மிக இயல்பாக. "அன்னிக்கு சபை ஆபீசுல இருந்து வெளிய எறங்கும்போதே ஒங்க மொகத்துல தெரிஞ்சிச்சி. ஒத்துக்கத்தான் ஒங்களுக்கு நாளாச்சி." சிரிப்பு வந்து வலித்திருக்க வேண்டும், வயிற்றைப் பிடித்துக்கொண்டார். அன்று அதைச் சொல்லாமல் திரும்பியிருந்தால் இந்தக் கட்டுரையை என்னால் எழுதியிருக்க முடியாது.

இறுதிச் சடங்குக்குத் தோட்டம் முழுவதும் வந்தது. எம்.பி. வந்தார், பிரதேச சபைத் தவிசாளர் வந்தார், அந்த அதிபரும் வந்தார். மாலைகளுக்கு நடுவே, வீட்டின் பின்பக்கம் கை கழுவப் போன என்னை மூன்று பேர் தனித்தனியாக நிறுத்தினார்கள். ஒரு கொழுந்து பறிக்கும் பெண், ஒரு லொறிச் சாரதி, ஒரு தாதி. மூவரும் கேட்டது ஒன்றுதான். "அடுத்த தடவை என் பேரையும் எழுதிக்கிறீங்களா சேர்?" கொழுந்துக்காரப் பெண்ணின் புருஷன் பக்கத்திலேயே நின்று, "எழுதிக்கங்க சேர், நா ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றார்.

பிற்பகல் மூன்று மணிக்கு ஊர்வலம் பெரிய ரோட்டுக்கு இறங்கியது. எதிரே பதுளை பஸ் வந்தது. சாரதி ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணைத்தார். தமிழரும் சிங்களவருமாக உள்ளே இருந்த அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். ஜன்னல் வழியாக ஓர் அம்மா கைக்குழந்தையைத் தூக்கிக் காட்டினார். பெட்டி கடந்து போகும்வரை தப்பு மேளச் சத்தம் மட்டும் கேட்டது.

போய் வாருங்கள் அக்கா. மாகாண சபைக்கு இரண்டு பெயர்களை எழுதி வைத்திருக்கிறேன். இருவருக்கும் அடையாள அட்டை இருக்கிறது. இருவர் வீட்டிலும் பேசிவிட்டேன்.